அளத்துக் கால்

தை மாதம் உப்பளம் திறக்கும்போது எங்கள் மாமா வீட்டார்தான் முதலில் பாத்திக்குள் இறங்க வேண்டும். மரக்காணத்தில் மற்ற அளங்களில் எப்படியோ தெரியாது, அந்த ஒரு அளத்தில் அதுதான் வழக்கம். மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் நின்ற பாத்தியில் சேற்றை வழித்து எறிவார்கள். பிறகு ஆட்கள் வரிசையாக நின்று களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். தரை இறுகினால்தான் உப்பு வெள்ளையாக விளையும். அந்த முதல் மிதி என் அம்மாவின் அப்பாவுடையதாக இருந்தது. அவருக்குப் பிறகு அம்மாவின் அண்ணன். அவரும் போன பிறகு, அம்மாவின் தம்பியும் அளத்து மேஸ்திரியுமான என் மாமா.

இந்த மரியாதை அவர்களுடைய காலுக்கு. குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் ஓடும் தடித்த நரம்பில், அந்த வீட்டு ஆட்களுக்கு ஒரு கெட்டியான புடைப்பு இருக்கும். சிலருக்குப் புளியங்கொட்டை அளவு, மாமாவுக்கு நெல்லிக்காய் அளவு. கைவிரல் முட்டிகளிலும் சின்னச் சின்னதாக உண்டு. வலிக்காது. அளத்தில் வேலை செய்கிற எல்லோருடைய பாதமும் உப்பில் ஊறிக் காய்த்துப் போயிருக்கும் என்பதால், இது அதைவிட முற்றிய காய்ப்பு என்று ஊர் முடிவு செய்திருந்தது. பிறவியிலேயே உப்புக்கு ஏற்ற கால். அதற்கு 'அளத்துக் கால்' என்று பெயர். அந்தக் கால் மிதித்த பாத்தியில் உப்பு நன்றாக விளையும் என்று நம்பினார்கள்.

என் அண்ணனுக்கும் அந்தக் கால் இருந்தது. அவன் ஒரு நாள்கூட அளத்தில் வேலை செய்ததில்லை. கூனிமேட்டில் பள்ளிக்கூட வாத்தியார். தினமும் சைக்கிளில் போய் வந்தான். "எறங்காமலே வந்துருக்குது பாரு, அப்படியே தாத்தா காலு" என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். மாமாவின் ஒரே மகளுக்கும் அது இருந்தது. அவளுக்குப் பத்தொன்பது வயது. அளத்தில் கூடை சுமப்பாள். அந்தக் கால் வேறு வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே, அவர்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் என்று சிறு வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். அவளுக்கு அண்ணன் முறைமாப்பிள்ளை. யாரும் யோசிக்க அதில் ஒன்றும் இல்லை.

எழுபதுகளின் நடுவில் நான் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து, பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். படிக்கப் போன முதல் நாள் என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு விடுதி வாசல் வரை வந்தவர் மாமா. பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று வரும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார், ஏதோ நான் அந்த வழியில் போனதே இல்லாதது போல. அவர் மேல் வரும் உப்புத் தண்ணீர் வாசனையும் பீடி வாசனையும் கலந்த ஒன்று எனக்கு இப்போதும் நினைவில் இருக்கிறது. அதை எந்தப் பாட்டிலிலும் அடைத்து வைக்க முடியவில்லை.

வேலையில் சேர்ந்த முதல் தை மாதத்தில், ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மா எங்களிடம் ஒரு வேலை சொன்னார். ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனையை அப்போதுதான் அங்கே தொடங்கியிருந்தார்கள். நோய் இல்லாத, உழைக்கிற மனிதர்களுக்கு அது எவ்வளவு இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க, ஆளுக்குக் கொஞ்சம் ரத்தம் கொண்டுவரச் சொன்னார். உழைக்கிற மனிதர்கள் என்றதும் எனக்கு எங்கள் வீடுதான் நினைவுக்கு வந்தது. நோட்டில் ஆறு பேர் எழுதினேன்: அப்பா, அம்மா, அண்ணன், மாமா, மாமா மகள், நான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எல்லோரும் வெறும் வயிற்றோடு எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி ஊசிகளை அம்மாவின் பால் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்திருந்தேன்.

"இன்னா பொண்ணே, ஊசி இம்மாம் பெருசா இருக்குது? மாட்டாஸ்பத்திரில வாங்கினியா?" என்றார் மாமா.

"கைய நீட்டுங்க மாமா."

"அப்பாவுக்குப் பயம் அண்ணி. எனக்கு மொதல்ல எடுத்துருங்க" என்றாள் மாமா மகள். அத்தை மகளான என்னை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

"யாரு பயந்தது? ஏய், நவுரு. எனக்கு எடும்மா."

ஊசி ஏறும்போது மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டார். அண்ணன் சிரித்தான். அவள் அவனைப் பார்த்து, "வாத்தியாரு சிரிக்கிறாரு. அவரு மொற வரட்டும்" என்றாள். அவன் முறை வந்தபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். "இன்னா தேதி வாத்தியாரே?" என்று அவள் கேட்க, அம்மாகூடச் சிரித்துவிட்டாள். "சீக்கிரம் முடிங்கடி, கஞ்சி ஆறிப்போவுது" என்று அதட்டிக்கொண்டே சிரித்தாள். நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்து சிரித்த காலைகளில், முழுசாக ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

ரத்தம் உறைந்து மேலே தெளிந்த நீரைத் தனியே சிறு பாட்டில்களில் ஊற்றினேன். மீன் வண்டிக்காரரிடம் ஐஸ் வாங்கிப் பிளாஸ்கில் நிரப்பி, அதில் பாட்டில்களைப் புதைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தச் சோதனை பார்க்க அழகானது. பாட்டிலில் இருக்கும் நீரில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக் குழாயில் விட்டு, இரண்டு அமிலங்கள் கலந்த கரைசலை அதில் சேர்த்து, இருட்டான அலமாரியில் வைத்துவிட வேண்டும். அரைமணி நேரத்தில் பச்சை நிறம் எழும். கொழுப்பு எவ்வளவு அதிகமோ, பச்சை அவ்வளவு ஆழம். அளவை மீட்டரில் வைத்துத்தான் படிப்போம் என்றாலும், கண்ணுக்கே வித்தியாசம் தெரியும்.

திங்கட்கிழமை அலமாரியைத் திறந்தபோது, என் குழாய் இளம் நாற்று நிறத்தில் இருந்தது. அப்பாவுடையது அதைவிடக் கொஞ்சம் அழுத்தம். மற்ற நான்கும் பாசி பிடித்த கிணறு மாதிரி இருந்தன.

தவறு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். டாக்டரம்மாவும் அப்படித்தான் கேட்டார்: "குழாய் ஈரமா இருந்துச்சா? கரைசல் பழசா?" மிச்சமிருந்த நீரில் புதுக் கரைசலை வைத்து மறுபடி செய்தேன். அதே நிறங்கள். அவர் மீட்டரில் தானே வைத்துப் படித்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு, அப்பாவின் குழாயை எடுத்தார்.

"இவருக்கு என்ன வயசு?"

"ஐம்பத்திரண்டு. உப்பு லாரி ஓட்டறார்."

"இது வயசால வந்தது. வயசு ஏற ஏற எல்லாருக்கும் இது கொஞ்சம் கொஞ்சமா ஏறும். பெண்களுக்கு மாதவிலக்கு நிக்கற வரைக்கும் மெதுவா ஏறும், அப்புறம் வேகமா. இதுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா இது?" அவர் எடுத்தது மாமா மகளின் குழாய். "பத்தொன்பது வயசுல இந்த நிறம் வயசால வராது. சாப்பாட்டால மட்டும் வராது. இது பிறக்கும்போதே கொண்டு வந்தது. இவங்களுக்குக் குதிகால் நரம்புல கட்டி மாதிரி ஏதாவது உண்டா?"

"அது உப்பளத்துல வேலை செய்யறதால வர்ற காய்ப்பு, மேடம்."

"உங்க அண்ணன் உப்பளத்துல என்ன வேலை செய்யறார்?"

"அவர் வாத்தியார்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

விடுதி அறைக்குத் திரும்பி நோட்டில் ஒரு பக்கத்தை நான்காக மடித்தேன். பெயர், கால், அளத்தில் வேலை செய்தாரா, எந்த வயதில் இறந்தார். அம்மாவின் அப்பா: நாற்பத்தொன்று, வரப்பில் விழுந்தார், வெயில் அடித்துவிட்டது என்றார்கள். அம்மாவின் அண்ணன்: முப்பத்தொன்பது, மார் வலி, வாயு என்றார்கள். இரண்டு பேருக்கும் கால் உண்டு. மாமாவுக்கு அப்போது நாற்பத்தொன்று நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு சாவுக்கும் ஒவ்வொரு காரணம் இருந்தது. அதனால்தான் யாரும் அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா சொன்னதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. அப்பாவிடமிருந்து ஒரு பங்கு, அம்மாவிடமிருந்து ஒரு பங்கு என்றுதான் குழந்தைக்கு எல்லாம் வருகிறது. எங்கள் ஆட்களுக்கு இருந்தது ஒரே பங்கு. அதோடு நாற்பது வயது வரை ஓட்டிவிடுகிறார்கள், சிலர் அதையும் தாண்டுகிறார்கள். அண்ணனும் மாமா மகளும் சேர்ந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பங்கும் வந்துவிட நாலில் ஒரு வாய்ப்பு. அப்படிப் பிறக்கும் குழந்தை பெரியவனாகி மீசை முளைப்பதைப் பார்ப்பதே அரிது என்றார் அவர். கல்யாணத்துக்கு வைகாசியில் நாள் பார்த்திருந்தார்கள்.

யாரிடம் முதலில் சொல்வது என்று ஒரு பட்டியல் போட்டேன். அடித்து அடித்து எழுதி, கடைசியில் அவளிடம் முதலில் சொன்னேன்.

அப்போது மாசி. உப்பு வார ஆரம்பித்திருந்தார்கள். அவள் கூடையை இறக்கிவிட்டு என்னோடு வரப்பில் உட்கார்ந்தாள். பாத்திகளில் வெயில் பட்டுக் கண் கூசியது. நான் சொல்லச் சொல்ல அவள் கால் விரலால் உப்புப் பொருக்கை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அண்ணன எனக்கு வேணாம்னு சொல்ல இத்தினி பெரிய ஊசியா அண்ணி?" என்றாள் முதலில். பிறகு சிரிப்பு நின்றது. "கொழந்தைக்கு வலிக்குமா?"

"தெரியல. ஆனா ரொம்ப நாள் இருக்காது."

"அவருக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல."

அவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "அப்பா நம்ப மாட்டாரு. வாங்க, சாப்புட வர்ற நேரந்தான்."

மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் தண்ணீர்க் குழியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். மாமா நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். பிறகு காலைத் தூக்கி எதிரே இருந்த கல்லில் வைத்தார்.

"இந்தக் காலையா வியாதின்ற? டேய், கேட்டீங்களாடா? பாண்டிச்சேரில எங்காலுக்கு வியாதின்னு எழுதிட்டாங்களாம்."

எல்லோரும் சிரித்தார்கள். "எண்ணெயே பாக்காத வூட்ல கொழுப்பாம்" என்றார் ஒருவர். "மேஸ்திரிக்குக் கொழுப்புன்னு நாங்க எப்பவோ சொன்னோமே, யாரு கேட்டீங்க?" என்றார் இன்னொருவர்.

நான் அந்த ஆளிடம் பாதத்தைக் காட்டச் சொன்னேன். இருபது வருடம் அளத்தில் இருந்தவர். அவருடைய காய்ப்பு பாதத்தின் அடியிலும் ஓரத்திலும் இருந்தது. தோலோடு தோலாக, பிளேடால் சீவிய தடத்தோடு. குதிகாலுக்கு மேலே ஒன்றுமில்லை. அடுத்தவருக்கும் அப்படித்தான். அதற்கடுத்தவருக்கும்.

"மாமா, இப்ப உங்க பாதத்த மேலயும் கீழயும் ஆட்டுங்க."

ஆட்டினார். அவர் பாதம் போன திசைக்கெல்லாம் அந்தப் புடைப்பும் தோலுக்கு அடியில் ஏறி இறங்கியது. காய்ப்பு அப்படி நகராது. அது நரம்போடு சேர்ந்து வளர்ந்த பொருள். மாமா மகள் தன் காலை அவர் கால் பக்கத்தில் வைத்து ஆட்டினாள். "என்னுதும் நவுருது பாருப்பா" என்றாள்.

சிரித்தவர்கள் கிண்ணத்தைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். மாமா காலைக் கல்லிலிருந்து எடுக்கவில்லை.

"அப்ப எங்கப்பன் வெயில்ல சாவலியா?"

"இல்ல மாமா."

"எங்கண்ணன்?"

அதுவும் வாயு இல்லை என்று தலையாட்டினேன். "மாத்திர இருக்குது மாமா" என்று நானாகவே தொடங்கினேன்.

"என்ன வுடு" என்றார். "இதுங்க ரெண்டும் சேந்தா கொழந்தைக்கு இன்னா ஆவும், அத்த மறுபடி சொல்லு."

மறுபடி சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் வாயால வேணாம்னு சொல்ல முடியாதும்மா. அக்காவ வாசல்ல நிக்க வச்ச மாதிரி ஆயிடும். உங்கம்மா சொல்லணும்."

அம்மா எளிதில் சொல்லவில்லை. "எந்தம்பி ஒறவ அறுக்கவா உன்னப் படிக்க வச்சன்?" என்றாள். இரண்டு வாரம், ஞாயிறுகளில் நான் வீட்டுக்கு வந்தபோது, என்னோடு பேசவில்லை. சோற்றை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தாள். மூன்றாவது ஞாயிறு நான் நோட்டுப் பக்கத்தை அவள் முன்னால் விரித்து, ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டினேன். அவள் அப்பா, அவள் அண்ணன், வயது, வயது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் விரல் போன இடத்திலெல்லாம் அவள் பார்வை போனது. முடித்தபோது தன் விரல் முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப உங்க அண்ணனுக்கு இது என் வழியாதான் வந்துதா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். "உனக்கு உங்கப்பா வழியா வந்துதும்மா" என்றேன்.

மறுநாள் காலை அவள் மாமா வீட்டுக்குப் போனாள். எங்கள் பக்கத்தில், முறைப்பெண்ணை வெளியில் கொடுக்கும்போது முறைமாப்பிள்ளைக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும். அவன் அதை வாங்கிக்கொண்டால் உரிமையை விட்டுக் கொடுத்தான் என்று பொருள். அம்மா உட்காரக்கூட இல்லை. "தம்பி, எம்புள்ளைக்கு வேட்டி எடுத்துடு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

நான் அன்று வேலைக்கு லீவு போட்டிருந்தேன். அண்ணன் சாயங்காலம் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு என் அருகில் வந்தான். கூனிமேட்டுக் கடையில் அவளுக்காக அவன் வாங்கிய கண்ணாடி வளையல்கள் அவன் மேசை இழுப்பறையில் இருந்தது எனக்குத் தெரியும்.

"உன் பட்டியல்ல நான் எத்தனாவது ஆளு?" என்றான்.

"ரத்தம் எடுக்கறதுலயா, சொல்றதுலயா?"

"சொல்றதுல."

"கடைசி."

"அதான பாத்தேன்" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் பாடம் கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்வது போலச் சொன்னான். அந்த நோட்டில் நான் செய்த பிழை அது ஒன்றுதான். ஆனால் பெரிய பிழை.

ஆவணியில் அவளுக்குப் பொம்மையார்பாளையத்தில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்குத் தச்சு வேலை. பரிசம் போடுவதற்கு முன் மாமா அவரை ஆய்வுக்கூடத்துக்கே அழைத்து வந்துவிட்டார். "எதுக்குன்னு சொல்லல. கைய நீட்டுன்னேன், நீட்டிட்டாரு. நல்ல ஆளு" என்றார் என் காதருகில். அவருடைய குழாய் என்னுடையதைவிட வெளிறி இருந்தது. கல்யாணத்தன்று அண்ணன் மாமா கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு பந்தியில் சாம்பார் ஊற்றினான். மணமகளுக்கும் அவன்தான் ஊற்றினான். "போதும் வாத்தியாரே" என்றாள் அவள், இலையைப் பார்த்தபடி.

மாமா மாத்திரை சாப்பிட்டார், சில மாதம் விட்டுவிட்டார், மறுபடி சாப்பிட்டார். இறாலையும் முட்டையையும் விடச் சொல்லியிருந்தோம். எனக்குத் தெரியாமல் தின்றுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் தானே ஒப்புக்கொள்வார். அதன் பிறகு இரண்டு தை மாதங்கள் அவர் முதல் மிதி மிதித்தார். இரண்டாவது வருடம் பங்குனியில், வரப்பில் உட்கார்ந்து பீடி பற்ற வைக்கும்போது போய்விட்டார். அவருடைய அப்பாவைவிட இரண்டு பருவம் கூட இருந்தார். அது மாத்திரையாலா, அவருடைய அதிர்ஷ்டமா, எனக்குத் தெரியாது. அந்த இரண்டு பருவங்களையும் நான் அவ்வப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு மாதமும் சம்பளம் வாங்கியதும் மாத்திரையோடு நான் அவர் வீட்டுக்குப் போவேன். அவர் என் முன்னாலேயே ஒன்றைப் போட்டுத் தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டுவார், முழுங்கிவிட்டாராம்.

அடுத்த தையில் அளத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். அது வியாதி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. இருந்தாலும் முதல் மிதிக்கு அந்தக் கால்தான் வேண்டும் என்றார்கள். அண்ணன் பள்ளிக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேற்றில் இறங்கத் தெரியாமல் தடுமாறி, மெதுவாக மிதித்தான். நான் வரப்பில் நின்று அவன் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் அது ஏறி இறங்கியது. கரையேறியதும் அவன் என்னிடம் காலை நீட்டினான். "தண்ணி ஊத்து" என்றான். ஊற்றினேன். அதன் பிறகு அவன் என்னோடு பழையபடி பேச ஆரம்பித்தான்.

போன மாதம் அவள் இரண்டு வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். அவனுக்குக் குதிகால் வழுவழுவென்று இருந்தது. அந்த வயதில் கட்டி எழாது. ஊசி ஏறியபோது அவன் போட்ட சத்தத்தில் மாமாவே வந்துவிட்டது போல இருந்தது. நான் பிஸ்கட் கொடுத்தேன். அவன் அதை என் மேல் வீசினான்.

குழாயை அலமாரியில் வைத்து மூடினேன். மாப்பிள்ளையின் ரத்தம் வெளிறியது. இரண்டு பங்கு வர வழியே இல்லை. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் பலமுறை சொல்லியிருந்தேன். இருந்தாலும் அந்த அரைமணி நேரமும் அவள் அலமாரிக் கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நானும்தான்.

திறந்தேன். அவன் அம்மா வழிப் பச்சைதான். மீட்டரில் படித்து, அவள் பழைய அளவோடு வைத்துப் பார்த்தேன்.

"எத்தினி பங்கு அண்ணி?"

"ஒண்ணு."

"ரெண்டு இல்லியே?"

"இல்ல. ஒண்ணுதான். இப்பலேருந்தே பாத்துக்கணும். சாப்பாடு, மாத்திர, வருஷத்துக்கு ஒரு தடவ ரத்தம், எல்லாம் எழுதித் தர்றேன்."

"எழுதிக் குடுங்க. வூட்டுக்காரரு படிச்சுச் சொல்லுவாரு." அவள் பையனை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். "அப்ப வளந்துருவான்."

"வளந்துருவான்."

என் வேலை நேரம் முடிந்திருந்ததால் பஸ் நிலையம் வரை கூடப் போனேன். வழியில் ஒரு செருப்புக் கடையில் நின்று பையனுக்குச் செருப்பு கேட்டாள். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது அவன் காலுக்குச் சரியாக இருந்தது. அவள் தலையாட்டினாள். "இதவிடப் பெருசு குடுங்க. ரெண்டு மூணு வருசத்துக்கு வரணும்" என்றாள். பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு அவன் பிளாட்பாரத்தில் சத்தமாக இழுத்து இழுத்து நடந்தான். பொம்மையார்பாளையம் வழியாகப் போகும் மரக்காணம் பஸ் வந்து, அதில் அவனைத் தூக்கி ஏற்றும்போது ஒரு செருப்பு கழன்று விழுந்தது. நான் ஓடிப்போய் எடுத்து ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.